மல்லிகா அக்கா வீட்டுக் கிண்ணம்

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே கால் மணி. சிதம்பரத்தில் அலுவலகம் முடிந்து கடலூர் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது கைப்பேசி அடித்தது. எடுப்பதற்கு முன் திரையில் மணியைப் பார்த்து, இருட்டுவதற்குள் வீடு போய்விடலாம் என்று நினைத்தேன். அதனால்தான் அந்த நேரம் இன்னும் மறக்கவில்லை.

"வசந்தி, எங்க வர? பாப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரியா வாங்குது. நெஞ்சு ஏறி ஏறி எறங்குது. நான் பக்கத்துலதான் குந்திருக்கன். நீ பதறாம வா."

எதிர்வீட்டு மல்லிகா அக்காவின் குரல். பாப்பா என்றது என் மகள் செல்வியை. பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகக் காய்ச்சல். பக்கத்து மருத்துவர் மழைக்காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்திருந்தார். என் கணவர் சேகருக்குக் குடிகாட்டில் ஒரு ரசாயன கம்பெனியில் ஷிப்ட் வேலை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகும் நாட்களில் செல்வியைப் பார்த்துக்கொள்வது மல்லிகா அக்காதான். செல்வி நடை பழகியதே அந்த வீட்டு வாசலில்.

அது 2009ஆம் வருடத்து மழைக்காலம். டிவியைத் திறந்தால் பன்றிக் காய்ச்சல். அது புனேயில், சென்னையில் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா செல்வியைத் தன் தோளில் சாய்த்து, முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். மேசைமேல் அவர் கொண்டுவந்த எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. பலாக்கொட்டை போட்ட கத்திரிக்காய்க் குழம்பு. அவர் கணவர் ராஜேந்திரன் பண்ருட்டியில் பலாப்பழ வியாபாரம் செய்பவர். அதனால் பழம் இல்லாத காலத்திலும் அந்த வீட்டில் கொட்டை இருக்கும். "ஒரு வாய் தின்னா, அதோட வேணாம்னுட்டா," என்றார் அக்கா. ஆட்டோ பிடித்ததும் அவர்தான். ஏறும்போது தன் சேலைத் தலைப்பால் செல்வியின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

கடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சிதம்பரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில், காலையில் நான் வேலைக்குப் போன அதே சாலையில், திரும்பவும் போனேன்.

பெரிய மருத்துவமனை. அதில் ஒரு கட்டடத்தின் கோடியில் தனி வார்டு. வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். செல்வியின் தொண்டைக்குள் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுத்தார்கள். 'ஸ்வாப்' என்பது அதுதான். அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்பி, அங்கே பரிசோதித்துச் சொன்னால்தான் இன்ன காய்ச்சல் என்று உறுதி. அதற்காகக் காத்திருக்காமல் மாத்திரையை ஆரம்பித்துவிட்டார்கள். கிருமி உடம்புக்குள் பெருகாமல் தடுக்கும் மாத்திரை அது. விரலில் துணி கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது எண்ணில் காட்டும். எண் குறைந்தால் மூக்குக் குழாயைக் கூட்டுவார்கள். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நிமோனியா, அதாவது நுரையீரலில் சளி கட்டிக்கொண்டிருக்கிறது என்றார் இளம் மருத்துவர். அவர் பேசும்போது கண் மட்டும்தான் தெரிந்தது. வருத்தமா தைரியமா என்று கண்ணை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

சேகர் கம்பெனியிலிருந்து நேராக வந்தார். பல வருடமாக வேலையில் முகமூடி போடுகிறவர். அதைப் போட்டுக்கொண்டே வேர்க்கடலை தின்பேன் என்று கேலி பேசுகிறவர். அந்த வார்டு வாசலில் கொடுத்த மெல்லிய பச்சைத் துணியைக் காதில் மாட்டாமல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம்பெனில போடுறது என் உசுருக்கு. இது அவகிட்டேந்து என்னைக் காப்பாத்தவாமே. இதப் போட்டுக்கிட்டு எப்படி வசந்தி அவ மூஞ்சியப் பாக்கறது?" என்றார்.

வார்டில் துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம். நான் உள்ளே, அவர் வெளியே வராந்தாவில். சுடுதண்ணீர் பிளாஸ்க், இட்லிப் பொட்டலம், மாற்றுச் சேலை எல்லாவற்றையும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். நான் போய் எடுப்பேன். ஒருநாள் பொட்டலத்துக்குள் பார்த்தால், எனக்குப் பிடித்த காரச் சட்டினி தனியாகக் கட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் முதல்முறை அழுதேன்.

அடுத்த கட்டிலில் பிச்சாவரம் பக்கத்து ஆள் ஒருவர் கிடந்தார். சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றித் துடுப்பு வலிப்பவர். அவர் மனைவி என்னைவிட இளையவள். அந்த இடத்திலும் வாய் ஓயாது.

"வெள்ளக்காரன ஏத்தினாரு, அதான் ஒட்டிக்கிச்சின்னு ஊர்ல சொல்றாங்கக்கா. இந்த வருஷம் வெள்ளக்காரன் எங்கக்கா வந்தான்? வந்தாத்தான் நாங்க ரெண்டு காசு பாத்துருப்போமே. ஏத்தாத வெள்ளக்காரனுக்கு எங்கள ஒதுக்கி வக்கிறானுவ."

நான் சிரித்தேன். செல்வியும் மூக்குக் குழாயோடு லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்தாளே என்று அந்தப் பெண்ணுக்கு என் பொட்டலத்திலிருந்து இட்லி கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் அவள் கணவரைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். பிறகு திரையை இழுத்தார்கள். வராந்தாவில் அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தபோது சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஓர் அடி பின்னால் போனார்கள். அழுகிறவளின் தோளைப் பிடிக்க ஒரு கை வரவில்லை. என் கையும் வரவில்லை. உள்ளே என் மகள் இருக்கிறாள், அவளுக்கு நான் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் சரிதான். ஆனாலும் அவள் அழுத சத்தம் இன்றும் சில நாட்களில், அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது, காரணமில்லாமல் வரும்.

சென்னையிலிருந்து பரிசோதனை முடிவு வந்தது. அந்தக் காய்ச்சல்தான். ஆனால் முடிவு வருவதற்குள் செல்வியின் காய்ச்சல் இறங்க ஆரம்பித்திருந்தது. விரல் கிளிப்பில் எண் மெல்ல ஏறியது. "அம்மா, பசிக்குது," என்று அவள் சொன்ன காலையில் சேகர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கைதட்டினார். பைத்தியம் மாதிரி தட்டினார். நர்ஸ் வந்து அதட்டினாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துத்தான் கடலூர் திரும்பினோம்.

எங்கள் தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். வெள்ளைக் கோடு தெருமுனையில் ஆரம்பித்து எங்கள் கேட்டில் வந்து முடிந்திருந்தது. மற்ற வீடுகளின் கேட்டில் வேப்பிலைக் கொத்து. அம்மை வந்தால், வந்த வீட்டில்தான் வேப்பிலை கட்டுவார்கள். இங்கே வராத வீடுகளில் எல்லாம் கட்டியிருந்தது. பேப்பரில் பேர் போடாமல், தெரு பேரைப் போட்டு, மாணவி என்று போட்டிருந்தார்களாம். தெருவில் பத்தாவது படிக்கும் பெண் வேறு யார்?

அன்று சாயங்காலமே ராஜேந்திரனுக்குக் காய்ச்சல் கண்டது. எதிர்வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சேகர் பதறி ஓடினார். "மச்சான், நான் வரட்டுமா?" என்று கேட்டார். அவர்கள் உறவு இல்லை. ஆனால் அந்த 'மச்சான்' பல வருடப் பழக்கம்.

மல்லிகா அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"கிட்ட வராதீங்க! உங்க வூட்டுலேந்துதான வந்துது. பாத்துக்கப் போனதுக்கு எனக்கு நல்லா குடுத்தீங்க கூலி! அவருக்கு ஒன்னு ஆச்சின்னா நான் எங்க போவன்?"

தெருவே கேட்டது. ஜன்னலோரம் படுத்திருந்த செல்வியும் கேட்டாள்.

ராஜேந்திரனுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான் போலிருக்கிறது. பரிசோதனைகூட எடுக்கவில்லை. சில நாளில் எழுந்து பண்ருட்டிக்குப் போக ஆரம்பித்துவிட்டார். ஆனால் செல்வி எழுந்திருக்கவில்லை. உடம்பு எழுந்தது. அவள் எழவில்லை.

முதலில் தன் தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். நல்ல பழக்கம்தானே என்று விட்டோம். பிறகு கை கழுவுவது. சோப்பு போட்டு, அலசி, குழாயைத் தொட்டதற்காக மறுபடியும் சோப்பு. விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. நாங்கள் சாப்பிட்டு முடித்து எழுந்த பிறகு தன் அறையில் சாப்பிட்டாள். என் துணியோடு தன் துணியைப் போட விடமாட்டாள். பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள். தோழி ஒருத்தி வந்து வாசலில் நின்றபோது கதவைச் சாத்திக்கொண்டு, "போயிடு, போயிடு," என்று கத்தினாள். பிறகு அந்தப் பெண்ணும் வரவில்லை. பத்தாம் வகுப்பை அடுத்த வருடம் தனித்தேர்வராக எழுதினாள். அதற்குமேல் படிப்பு இல்லை.

"எனக்குள்ள இன்னும் இருக்கும்மா. உனுக்குத் தெரியாது," என்பாள். அழாமல், சாதாரணமாகச் சொல்வாள். அதுதான் பயமாக இருக்கும்.

அவளை மட்டும் சொல்வானேன். மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை என் கையில் தராமல் தராசுத் தட்டில் வைத்தார்கள். காய்ச்சல் ஊரைவிட்டுப் போய் வருடம் ஆன பிறகும் அப்படித்தான் வைத்தார்கள். ஏன் என்று அவர்களுக்கே மறந்திருக்கும். பேருந்தில் ஒருவர் இருமினால் முன்சீட்டில் நாலு ஜன்னல் திறக்கும். சேகர், எதற்கும் அஞ்சாதவர், சம்பள நோட்டுகளை வெயிலில் காயவைத்தார். நான் வேறு மாதிரி. காது வளர்ந்துவிட்டது எனக்கு. செல்வி மூச்சு விடுவதை அடுத்த அறையிலிருந்து கேட்பேன். ஃபேன் சத்தம் இடைஞ்சல் என்று அணைத்துவிட்டு, வியர்வையில் படுத்துக் கேட்பேன்.

அம்மைக்கு முறை இருக்கிறது. தலைக்கு முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் ஊற்றுவார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். மூன்றாவது ஊற்றியாகிவிட்டால் முடிந்தது. வாசல் வேப்பிலையை எடுப்பார்கள், அக்கம்பக்கத்தார் உள்ளே வருவார்கள், குழந்தையைத் தொடுவார்கள். இனி பயமில்லை என்று ஊரே சேர்ந்து ஒத்துக்கொள்ளும் நாள் அது. எங்களுக்கு ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சீட்டு கொடுத்தார்கள். அதைத் தெரு ஒத்துக்கொள்ளவில்லை. என் மகளும் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அந்தக் கிண்ணம். அவசரத்தில் மேசைமேல் விட்டுப்போன அக்காவின் கிண்ணத்தை, வந்ததும் கழுவி அலமாரியில் வைத்திருந்தேன். அடியில் அவர் பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் குழம்பு வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டோம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவோம். வெறும் கிண்ணம் தந்தால் உறவு வேண்டாம் என்று அர்த்தம்.

"வாசல்ல வச்சிட்டு வந்துடேன்," என்றார் சேகர்.

"வெறும் கிண்ணத்தையா மாமா?"

"அப்ப எதனா போட்டுக் குடு."

"நம்ம வூட்டுதத் திம்பாங்களா?"

அந்த வருடப் பொங்கலுக்கு, துணிந்து, சர்க்கரைப் பொங்கலை நிரப்பிக்கொண்டு கேட் வரை போனேன். எதிர்வீட்டு வாசலில் நின்ற அக்கா என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த கிண்ணத்தையும் பார்த்தார். உள்ளே போய்விட்டார். நான் திரும்பி வந்தேன். பொங்கலை நாங்களே தின்றோம். கிண்ணம் மறுபடி அலமாரிக்குப் போனது. அதற்குப்பின் எத்தனை முறை தேய்த்து வைத்திருப்பேன், தெரியாது.

கடைசியில் செல்வியைச் சிதம்பரத்துக்கே அழைத்துப்போனேன். அதே மருத்துவமனை, வேறு வாசல். மனநலப் பிரிவு. அங்கே பெஞ்சில் உட்காரமாட்டேன் என்று நின்றுகொண்டே இருந்தாள். பெண் மருத்துவர் அவள் கையைப் பிடித்து, வெடிப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையுறை போடாமல் பிடித்தார். செல்வி கையை இழுத்துக்கொண்டு, "கழுவிடுங்க மேடம்," என்றாள்.

என்னிடம் தனியாகச் சொன்னார்: "எண்ணச் சுழற்சி நோய்னு சொல்வோம். ஒரே நெனப்பு சுத்திச் சுத்தி வரும். அது தாங்காம ஒரே காரியத்தத் திரும்பத் திரும்பச் செய்வாங்க. கை கழுவுங்கன்னு ஊர் முழுக்க மைக் கட்டிச் சொன்னோம். எப்ப நிறுத்தலாம்னு யாரும் மைக் கட்டிச் சொல்லல. உங்க பொண்ணுக்கு மட்டும் இல்லம்மா, கொஞ்சம் கொஞ்சம் எல்லாருக்கும் இருக்கு. அவளுக்கு ஜாஸ்தி. அவ்ளோதான்."

மாத்திரை தந்தார். கூடவே ஒரு பயிற்சி. செல்வி தன் கையால் ஒருவருக்குத் தண்ணீரோ சோறோ கொடுக்க வேண்டும். அவர்கள் சாப்பிடுவதை அவள் பார்க்க வேண்டும். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாளும் பார்க்க வேண்டும். முதலில் வீட்டு ஆட்கள். பிறகு வெளியாள். "வெளியாள் ஒருத்தர் வாங்கிச் சாப்பிடணும். அது வரைக்கும் இது பாதி வைத்தியம்தான்," என்றார்.

சேகருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றித் தர அவளுக்குச் சில மாதம் பிடித்தது. அவர் மடக்கென்று குடித்து, "இன்னா ருசி! பாதாம் கீதாம் போட்டியா?" என்றார். மறுநாள் காலை அவள் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வேண்டுமென்றே குதித்துக் காட்டினார். பிறகு எனக்கு. அப்புறம் எங்கள் இருவருக்கும் சோறு பரிமாறும் வரை வந்தாள். அங்கே நின்றுவிட்டது. வெளியாளுக்கு எங்கே போவேன்? என் அலுவலகத் தோழிகளைக் கூப்பிட்டேன். தலையாட்டினார்கள், வரவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் தண்ணீர் கேட்டால் அவள் உள்ளே ஒளிந்துகொள்வாள். காய்ச்சல் வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. இவள் இப்படியே, எங்கள் இருவருக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டு, இந்த வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுவாளோ என்று பயந்தேன்.

2011 கடைசியில் புயல் வந்தது. கடலூர்க்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்து பார்த்தால் தெருவில் மின்கம்பம் ஒன்றுகூட நேராக இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன என்றார்கள். எதிர்வீட்டின் பின்கட்டு அடுப்படிக்கு மேல் போட்டிருந்த ஷீட் பறந்து எங்கள் முருங்கைமேல் கிடந்தது. பால் இல்லை, கரண்ட் இல்லை, கடை இல்லை. தெருவில் இருந்த ஒரே கைப்பம்பில் எல்லோரும் வரிசையில் நின்று, ஒருவர் பிடித்த பிடியை அடுத்தவர் பிடித்து அடித்தார்கள். யாரும் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை என்று சேகர் வந்து சொன்னார்.

எங்கள் அடுப்படி தப்பியிருந்தது. காய்கறி இல்லாததால் இருந்த கருவாட்டைப் போட்டுக் குழம்பு வைத்தேன். தூறல் நிற்கவில்லை. கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

மல்லிகா அக்கா. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வாசற்படிக்குக் கீழே நின்றார். முகம் கறுத்து வற்றியிருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு அவரை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்க்கவில்லை.

"வசந்தி, என் கிண்ணம் ஒன்னு உங்கிட்ட கெடக்குதுல்ல?"

"இருக்குக்கா."

"கோவத்துல வச்சிக்கினியோன்னு நெனச்சன்."

"வெறுமனே எப்படிக்கா குடுக்கறதுன்னுதான்…"

"அன்னிக்கி அவரு போயிடுவாருன்னு பயத்துல கத்திட்டன். ஒன்னும் ஆவலன்னு தெரிஞ்சப்பறமும் இந்தப் படி ஏற மூஞ்சி இல்ல. பயமும் போவல. பொங்கலுக்கு நீ வந்தப்ப ஓடி உள்ள பூந்துகிட்டன். இன்னிக்கும் அவரு இருமினா எழுந்து குந்திக்கிறன், தெரியுமா?"

நான் உள்ளே போய்க் கிண்ணத்தை எடுத்து வந்தேன். அக்கா அதைத் திருப்பி, அடியில் தன் பேரைப் பார்த்தார். விரலால் தடவினார். பிறகு மறுபடியும் என் பக்கம் நீட்டினார்.

"கொழம்பு வாசன எங்க வூடு வரைக்கும் வருது. நேத்துலேந்து அடுப்பு மூட்டல. வெறுங்கிண்ணத்தயா குடுத்தனுப்புவ?"

வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. என்னைத் தாண்டி, அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ நாள் காத்திருந்த வெளியாள், நனைந்த சேலையோடு, படியேறி உள்ளே வந்து நின்றார்.

"நீ ஊத்தாத வசந்தி," என்றார். "பாப்பா ஊத்தட்டும். அவ கையால வாங்கிக்கினு போலாம்னுதான் வந்தன்."